நாலு மணி டீ

வணக்கம் சார்,

உங்கள் கட்டுரைகளை மெட்ரோவில் போகும்போது படிப்பேன். தண்டையார்பேட்டையில் ஏறி மண்ணடியில் இறங்குவதற்குள் பாதி முடியும். மீதி சாயங்காலம் திரும்பும்போது.

எனக்கு வரும் ஜூனில் 58 முடிகிறது. லிங்கிச் செட்டித் தெருவில் சரக்குக்குக் கஸ்டம்ஸ் அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். சேர்ந்தபோது இறக்குமதிச் சரக்குக்கான படிவம், பில் ஆஃப் என்ட்ரியைக் கையில் எடுத்துக்கொண்டு கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு ஓடுவோம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். ஜூன் வந்தால் 26 வருட சர்வீஸ். எங்கள் ஆபீஸில் ரிட்டயர்மென்ட் வயது என்று ஒன்றும் எழுதி வைக்கவில்லை. பெரிய முதலாளி போன பிறகு அவர் மகன் பார்த்துக்கொள்கிறார். "எவ்வளவு நாள் முடியுதோ வாங்க மேடம்" என்கிறார். சம்பளம் 32,000, அதில் பேசிக் 20,000. பி.எஃப். பென்ஷன் நாலாயிரத்துச் சொச்சம்தான் வரும் என்று கணக்குப் பார்க்கிற தம்பி சொன்னான். 60 வரை வாங்காமல் விட்டால் கூடுதலாக வரும் என்றும் சொல்கிறான்.

முழங்கால் வலி இருக்கிறது. ஆபீஸ் இரண்டாம் மாடி, பழைய மரப்படி. என் கணவர் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. மகனும் மருமகளும் எங்களோடுதான் இருக்கிறார்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். பேரனுக்கு இரண்டு வயது, கிரெச்சில் விடுகிறார்கள். "58 ஆனதும் நின்னுடும்மா, உழைச்சது போதும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் போன வாரம், ஜூனுக்கு அப்புறம் கிரெச்சுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று மருமகள் மகனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

இதைச் சொன்னால் சிரிப்பீர்களோ என்னவோ. ஆபீஸில் தினமும் நாலு மணிக்குப் பையன் டீ வாங்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைப்பான். நான் கேட்கக்கூட வேண்டாம். வேலையை விட்டால் அந்த டீ போய்விடுமே என்று இருக்கிறது. வீட்டில் எத்தனை டீ வேண்டுமானாலும் போட்டுக் குடிக்கலாம்தான்.

58-இல் நிற்கவா, 60 வரை போகவா?

ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

*

அன்புள்ள சகோதரி,

சிரிக்கவில்லை. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த டீயைப் பற்றி எழுதியதைத்தான். "போட்டுக் குடிக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆபீஸ் டீ நீங்கள் போடாமல் உங்களிடம் வருகிறது. ஒரு நாளில் அப்படி வருவது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

என் அம்மா ராயபுரத்தில் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. 1994 மே 31 அவளுக்குக் கடைசி நாள். உடன் வேலை பார்த்த டீச்சர்கள் இரண்டு ஆட்டோவில் அம்மாவை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். கழுத்தில் பெரிய ரோஜா மாலை, கையில் குத்துவிளக்குப் பார்சல். அப்பா துறைமுக வேலையிலிருந்து அதற்கு முன்பே ஓய்வு பெற்றவர். அவரும் மாலையோடுதான் வந்தார். வந்து ஈசிசேரில் உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து அலாரம் வைக்கவில்லை.

அம்மா வந்ததும் எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். பதினோரு பேருக்குக் காப்பி. மாலையைக் கழற்றவில்லை. கழற்றினால் வந்தவர்கள் வருத்தப்படுவார்கள் என்று நினைத்திருப்பாள். மாலை அடுப்பில் பட்டுவிடாமல் இடது கையால் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் பாலை ஆற்றினாள். கதவோரம் நின்று அதைப் பார்த்தேன். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். அப்போது எனக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. அதற்கப்புறம் பதினைந்து வருடத்தில் மூன்று பேரப் பிள்ளைகளை வளர்த்தாள். விடியற்காலையில் அடிபம்பில் மெட்ரோ வாட்டர் அடித்து எட்டுக் குடம் நிரப்புவது வரை எல்லாம் அவள்தான். "டீச்சரம்மா ரிட்டயர் ஆயிட்டாங்க" என்று தெருவில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்து மட்டும்தான் ரிட்டயர் ஆகியிருந்தாள்.

அதனால் 58-ஆ 60-ஆ என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. எந்த வேலையிலிருந்து ஓய்வு? உங்களுக்கு இரண்டு வேலை. ஒன்றைத்தான் விடச் சொல்கிறார்கள். இன்னொன்று ஜூன் முதல் முழு நேரம் ஆகப்போகிறது, சம்பளமும் ஞாயிற்றுக்கிழமையும் இல்லாமல். இது உங்கள் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை. மத்தியப் புள்ளியியல் துறை 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. அந்த 97-ம் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. நாலில் ஏறக்குறைய மூன்று பேர் அந்தப் பக்கமே போகவில்லை.

என் கருத்தைக் கேட்டதால் சொல்கிறேன். முழங்கால் தாங்கும் என்று டாக்டர் சொன்னால், 58-இல் நிற்காதீர்கள். 60 வரை போங்கள். 58 என்பது உங்கள் உடம்பைப் பார்த்து யாரும் வைத்த எண் இல்லை. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கே அது 2020 மே மாதம் 59 ஆனது, 2021 பிப்ரவரியில் 60 ஆனது. அதே மனிதர்கள், அதே முழங்கால்கள், அறிவிப்பு வந்தது, மாறியது. உங்கள் ஆபீஸில் எண்ணே இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு தேதியை நீங்களே எழுதி முதலாளியிடம் கொடுங்கள். "முடிகிற வரைக்கும்" என்று விட்டால் முடியாமல் போகிற அன்றைக்குத்தான் நிற்பீர்கள், அப்புறம் ஓய்வு என்பது வைத்தியம்தான்.

சரி, பணம். தம்பி சொன்னது சரியான தொகைதான். பென்ஷன் கணக்கில் உங்கள் முழு பேசிக் வராது. 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு, 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு 6,500 தான். அதை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். 20 வருடம் தாண்டியதால் இரண்டு வருடம் போனஸாகச் சேரும். அப்படிப் பார்த்தால் நாலாயிரத்துச் சொச்சம்தான் வரும்.

ஆனால் 60 வரை வாங்காமல் இருங்கள் என்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். ஒரு வருடம் தள்ளினால் 4 சதவீதம் கூடும், உண்மை. இரண்டு வருடத்துக்கு உங்களுக்குக் கூடுவது மாதம் முந்நூற்றுச் சொச்சம். அதற்காக விடுவது 24 மாதப் பென்ஷன், கிட்டத்தட்ட ஒரு லட்சம். அந்த முந்நூறை வைத்து ஒரு லட்சத்தைத் திரும்ப எடுக்க உங்களுக்கு 84, 85 வயது ஆகிவிடும். இதைவிட முக்கியமான விஷயம், 58 முடிந்ததும் வேலையை விடாமலே பென்ஷன் வாங்கலாம். அதே ஆபீஸ், அதே நாற்காலி. பென்ஷனுக்குப் போய்க்கொண்டிருந்த முதலாளி பங்கு அதற்கப்புறம் உங்கள் பி.எஃப். கணக்கிலேயே சேரும். ஜூனில் பென்ஷன் கேட்கிற 10டி படிவம் போட்டுவிடுங்கள். பலர் வேலையை விட்டால்தான் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

கிராஜுவிட்டி, கடைசிச் சம்பளத்தில் வருடத்துக்கு 15 நாள், மாதத்தை 26 நாளாகக் கணக்கிட்டு. 20,000 பேசிக்குக்கு 26 வருடத்தில் 3 லட்சம். இன்னும் இரண்டு வருடத்துக்கு 23,000 கூடும். பி.எஃப்.ஓடு சேர்த்து 15 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 2023 ஏப்ரலில் வைத்த 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 வரும். பென்ஷனையும் சேர்த்தால் மாதம் பதினாலாயிரம். இப்போது வாங்குவதில் பாதிகூட இல்லை. அதனால் இந்த இரண்டு வருடப் பென்ஷனைத் தொடாமல் தனிக் கணக்கில் விடுங்கள். உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும் அந்தக் கணக்கு. நாமினி யாரை வேண்டுமானாலும் போடுங்கள்.

முழங்காலுக்கு ஒன்று. ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸ் இருந்தால் வேலையோடு அதுவும் போகும். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு புதிய பாலிசியில் அதிகபட்சம் மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். 60-இல் எடுத்தால் 63 வரை கையைப் பிசைந்துகொண்டு இருக்க வேண்டும். இந்த மாதமே எடுங்கள். வலியை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பின்னால் க்ளெய்ம் நிற்காது. அப்புறம் முதலாளியிடம் கீழ்த்தளத்தில் ஒரு மேஜை கேளுங்கள். 26 வருடம் உழைத்தவர் ஒரு மேஜை கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. படி ஏற முடியாத நாளில் வீட்டிலிருந்தே டாக்குமென்ட் பார்க்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள், இப்போதுதான் எல்லாம் கம்ப்யூட்டரில் ஆகிவிட்டதே.

மருமகளைப் பற்றி. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. காலையில் குழந்தையை விட்டு, சாயங்காலம் அடித்துப் பிடித்து வந்து கூட்டிப்போகிற பெண்ணின் அவசரம் அது. இன்னும் முப்பது வருடத்தில் உங்கள் இடத்தில் அவர்தான் இருப்பார். ஆனால் காதில் விழுந்ததை காதிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பேரையும் உட்கார வைத்து, "கிரெச்சை நிறுத்தாதீங்க, நான் 60 வரைக்கும் போறேன்" என்று வாயால் சொல்லுங்கள். பேரன்மேல் பாசம் இல்லையா என்று யாராவது கேட்கலாம். பாசம் வேறு, எட்டு மணி நேர டியூட்டி வேறு. சாயங்காலம் ஒரு மணி நேரம் அவனைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பது ஒரு சுகம். எட்டு மணி நேரம் அவன் பின்னால் ஓட 58 வயது முழங்காலால் ஆகாது.

உங்கள் கணவரைப் பற்றி, ஓய்வு பெற்று நாலு வருடம் என்று ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். இந்த நாலு வருடத்தில் அவர் வீட்டில் என்ன வேலையை எடுத்துக்கொண்டார் என்று எழுதவில்லை. எழுத இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். இந்த இரண்டு வருடத்தை நான் கேட்பது முக்கியமாக அதற்காகத்தான். நீங்கள் வெளியே இருக்கிற நேரத்தில்தான் வீடு நீங்கள் இல்லாமல் ஓடப் பழகும். 60-இல் நீங்கள் வந்து உட்காரும்போது உட்கார ஒரு இடம் இருக்கும்.

2009-இல் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. கொஞ்ச நாள் அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்றார் டாக்டர். அன்று சாயங்காலம் முதல்முறையாக நான் அம்மாவுக்குக் காப்பி போட்டேன். கட்டிலில் கட்டுப்போட்ட கண்ணோடு படுத்தபடி, "சர்க்கரை எங்க இருக்குன்னு தெரியுமாடா?" என்று கேட்டாள். தெரியவில்லை. நாற்பது வயது தாண்டியவன், அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். நீல டப்பா என்றாள். கொண்டுபோய்க் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குடித்தாள். குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றாள். நான் அளவாகத்தான் போட்டிருந்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு உங்கள் கணவரிடம் டீ போடச் சொல்லுங்கள். டீத்தூள் டப்பா எங்கே என்று கேட்டால் இடத்தை மட்டும் சொல்லுங்கள், எழுந்து போய் எடுத்துத் தராதீர்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.