வாசகர் கேள்வி–பதில்: தாமிரத் தகட்டில் ரோம் இடிபாடுகள்

கேள்வி: பழைய எஸ்டேட் பங்களா சாமான்களோடு கொலோசியம் படம் ஒன்று கிடைத்தது. கீழே ‘பிரனேசி’ என்று இருக்கிறது. அசல் எட்சிங்தானா? பழுப்புப் புள்ளிகளை எப்படிப் போக்குவது?
– வாசகர், ஏற்காடு

பதில்: பிரனேசி 18-ஆம் நூற்றாண்டில் ரோம் இடிபாடுகளை எட்சிங்காக வரைந்த இத்தாலியக் கலைஞர். எட்சிங் என்றால் தாமிரத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, அவற்றில் மை நிரப்பித் தாளில் அழுத்தி எடுக்கும் அச்சு. பெயரை நம்பி முடிவுக்கு வராதீர்கள். அது தகட்டிலேயே பொறித்தது. எல்லாப் பிரதியிலும் விழும். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கோடுகள் பொடிப்புள்ளிகளாகப் பிரிந்தால் ஆஃப்செட் அச்சு. பிரியாவிட்டால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். எட்சிங்கில் மை லேசாகப் புடைத்திருக்கும். சுற்றிலும் தகட்டு விளிம்பு அழுந்திய தடம் தெரியும். தடத்தைப் போலியாகவும் அழுத்துவதுண்டு, அதனால் அது மட்டும் போதாது.

அசலே என்றாலும் எக்காலத்து அச்சு என்பது முக்கியம். பிரனேசி 1778-ல் இறந்தார். பிறகு மகன்கள் தகடுகளைப் பாரிசுக்குக் கொண்டுபோய் அச்சிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அவை ரோமுக்கே திரும்பின, அங்கும் அச்சு தொடர்ந்தது. தகடு தேயும்போது ஆழம் குறைந்த கோடுகள்தான் முதலில் போகும். ஆகவே வானத்தைப் பாருங்கள்: மேகக் கோடுகள் வெளிறி, வளைவுகளின் நிழல் மட்டும் திடமாக நின்றால் பெரும்பாலும் பிந்தைய அச்சு.

புள்ளிகளுக்குக் காரணம் ஈரத்தில் வளரும் பூஞ்சை, தாளிலுள்ள இரும்புத் துகள். தயவுசெய்து பிளீச் போடாதீர்கள். தாளின் நாரே இற்றுவிடும். பின்னாலுள்ள பிளைவுட்டை எடுத்துவிட்டு, அமிலமில்லாத பருத்தி அட்டையில் ஜன்னல் வெட்டி மவுண்ட் செய்யச் சொல்லுங்கள். அப்போது கண்ணாடி படத்தில் ஒட்டாது. படத்தின் மேல் விளிம்பை மட்டும் ஜப்பான் தாள் (மெல்லிய, உறுதியான தாள்) துண்டு இரண்டால், கோதுமை ஸ்டார்ச் பசை கொண்டு அட்டையில் ஒட்டினால் போதும். நான்கு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் விரிய இடமின்றிச் சுருங்கி நெளியும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம்.

கேள்வி: எட்சிங் படம் முழுவதற்கும் பூசுவது ஒரே மை தானே? அருகிலுள்ள தூண் கன்னங்கரேலென்றும் தூரத்து வளைவு சாம்பலாகவும் வருவது எப்படி?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: கோட்டின் ஆழம்தான். மெழுகும் குங்கிலியமும் கலந்த பூச்சைத் தகட்டில் பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார்கள். சிறிது நேரத்தில் வெளியே எடுத்து, தூரத்துக் கோடுகளை வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி இடுவார்கள். இப்படிப் பல முறை. கடைசிவரை அமிலத்தில் கிடந்த கோடு ஆழமாகி அதிக மை பிடிக்கும். உங்கள் பகுதி வெள்ளிப் பட்டறைகளில் புழங்கும் நைட்ரிக் அமிலமே இதற்கும் உதவும். அதில் கோடுகள்மேல் குமிழி கட்டும். இறகால் தள்ளிவிடாவிட்டால் அந்த இடம் அரிபடாமல் கோடு விட்டுவிட்டு விழும். தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பூச்சு பெயர்ந்து, வேண்டாத இடமெல்லாம் அம்மை போட்டதுபோல் குழிவிழும்.