தேங்க்யூ சொன்னால் பதிலே வரவில்லையா?

தம்பி, லீட்ஸுக்கு வந்து மூன்று வாரமாகிறது, கடைக்கார அம்மாவிடமும் பஸ்ஸிலும் தேங்க்யூ சொன்னால் ஒருவரும் ‘யூ ஆர் வெல்கம்’ சொல்வதில்லை, நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிறார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக இல்லை. நான் கிளாஸ்கோவில் 14 வருடமாக இருக்கிறேன். வந்த புதிதில் எனக்கும் இதே குழப்பம்தான்.

நம் பள்ளிக்கூடத்தில் இதை வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் சின்ன நன்றிக்குப் பதில் கட்டாயமில்லை. கடையில் கவனியுங்கள்: பொருளை வாங்கும்போது கடைக்காரர் ஒரு தேங்க்யூ, காசு நீட்டும்போது நீங்கள் ஒரு தேங்க்யூ, ரசீது தரும்போது ‘டா’, கிளம்பும்போது ‘சியர்ஸ்’. எல்லாமே நன்றிதான், நன்றிக்கு நன்றியே பதில். பஸ்ஸில் இறங்கும்போது ஓட்டுநருக்கு சியர்ஸ் சொல்வது உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் வழக்கம். பெரும்பாலும் முன்பக்கம் ஒரே கதவு, அவரைத் தாண்டித்தானே இறங்க வேண்டும். லண்டனில் நடுக்கதவு வழியாக இறங்குவதால் இந்தப் பேச்சு குறைவு. இறங்குகிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ஓட்டுநர் வண்டியை எப்போது எடுப்பது?

பதில் வந்தாலும் பாடப்புத்தகத்தில் இருந்தது வராது. இங்கே ‘நே பாதர்’, அதாவது ஒரு தொந்தரவும் இல்லை, என்பார்கள். உங்கள் பக்கம் ‘யூ ஆர் ஆல்ரைட்’ காதில் விழும். முதல் தடவை கேட்டபோது, நம் உடம்புக்கு என்ன வந்தது என்று யோசித்தேன். நம்முடைய ‘பரவாயில்லை, இருக்கட்டும்’தான் அது. ஆனால் டீ வேண்டுமா என்று கேட்டு ‘ஐ ஆம் ஆல்ரைட்’ என்று பதில் வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். தெரியாமல் நான் இரண்டு பேருக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று, இதில் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். அலுவலகத்தில் ஒரு மூத்த அம்மாவுக்குக் கதவைப் பிடித்தேன். அவர் நன்றி சொன்னாரா இல்லையா என்றுகூடப் பார்க்காமல், பழக்கதோஷத்தில் ‘யூ ஆர் வெல்கம்’ என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. நன்றி சொல்லாமல் போகிறவர்களைக் குத்திக்காட்டத்தான் இங்கே பலர் அதைச் சொல்வார்கள் என்று அப்புறம் பக்கத்து மேஜைக்காரர் விளக்கினார். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். ‘நாட் அட் ஆல்’ என்று சிரித்தார்.

அமெரிக்கர்களோடு போனில் பேச வேண்டியிருந்தால் ஒரு எச்சரிக்கை. நன்றி சொன்னால் பலர் ‘ம்-ஹ்ம்’ என்பார்கள். நம் காதுக்கு அது ‘ம்ஹூம், முடியாது’ என்று கேட்கும். கோபமில்லை, ஏற்றுக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் கடைக்கார அம்மா விஷயம். உங்களுக்கு முன்னால் நின்றவரிடமும் அவர் இப்படித்தான் இருந்தாரா என்று ஒருநாள் வரிசையில் நின்று பாருங்கள். முன்னால் நின்றவரிடம் சிரித்துப் பேசிவிட்டு உங்களிடம் மட்டும் சில்லறையை மேஜையில் வீசினால் அது வேறு கதை. அதை எழுதுங்கள், பேசுவோம்.