தோத்துட்டோம்

அன்புள்ள அண்ணாச்சி,

மூன்று வருடமாக லண்டன் மிட்சத்தில் இருக்கிறேன். போன சனிக்கிழமை அலுவலக நண்பர் ஒருவர் என்னை ஒரு நான்-லீக் கால்பந்து ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். (இங்கே மேலே இருக்கும் நான்கு டிவிஷன்களில் 92 அணிகள். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நான்-லீக்.) எங்கள் பகுதி அணிதான், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை. ஆனால் ஆட்டம் வெளியூரில். ரயில் மாறி மாறிப் போனோம். மொத்தக் கூட்டம் நூறு தேறாது, எங்கள் பக்கம் 16 பேர். மழை வேறு. 3-0 தோல்வி. வீட்டுக்கு வந்து "தோத்துட்டோம்" என்றேன். என் மனைவி "நீங்க எப்ப ஆடினீங்க?" என்று சிரித்தாள். எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. டிவியில் மான்செஸ்டர் சிட்டி பார்க்கிறவன் நான். அந்தத் தரத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் இரண்டு நாளாக மனசு அங்கேயே நிற்கிறது. இதைக் கதையாக எழுதலாமா? தமிழ் வாசகருக்கு ஒட்டுமா? அடுத்த ஆட்டத்துக்குக் குடை கொண்டுபோகலாமா என்பதும் தெரியவில்லை. அன்று யார் கையிலும் குடை இல்லை.

கே.

அன்புள்ள கே.,

மிட்சம், கறுப்பு வெள்ளைக் கோடு என்றால் அது டூட்டிங் அண்ட் மிட்சம் யுனைடெட்டாகத்தான் இருக்கவேண்டும். நான் 2001-லிருந்து நான்கு வருடம் டூட்டிங்கில் குடியிருந்தவன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பல்கூடத் தேய்க்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

தரம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை விடுங்கள். நான்-லீக்கிலிருந்து இங்கிலாந்து அணிவரை போன ஜேமி வார்டி கதையைச் சொல்லி உங்களைத் தேற்றவும் மாட்டேன், அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அங்கே ஆடுகிறவர்களில் பலர் திங்கட்கிழமை காலை வேறு வேலைக்குப் போகிறவர்கள். பாஸ் தப்பத்தான் செய்யும்.

எனக்குக் கோபம் வந்தது "கூச்சமாகப் போய்விட்டது" என்ற இடத்தில். தம்பி, மான்செஸ்டர் சிட்டி கோப்பை வாங்கிய இரவில் வாட்ஸப்பில் என்ன போட்டீர்கள்? "ஜெயிச்சுட்டோம்" என்றுதானே? அப்போது கூசவில்லை. நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாதவர்களோடு சோபாவில் படுத்துக்கொண்டே "ஓம்" விகுதியை ஒட்டிக்கொண்டீர்கள். கோல்கீப்பரின் பிடரிக்குப் பின்னால் நின்று திட்டி, அவன் திரும்பி முறைத்ததையும் பார்த்துவிட்டு, சாக்ஸ் நனைந்து வீடு திரும்பிய நாளில் மட்டும் இலக்கணம் ஞாபகம் வந்துவிட்டது, இல்லையா?

இலக்கணம் என்றதும் சொல்லவேண்டும், இது என்னை வெகுநாளாக அரிக்கிற விஷயம். வெள்ளைக்காரனுக்கு "வீ" ஒன்றுதான். நமக்கு நாம் வேறு, நாங்கள் வேறு. எதிரே நிற்பவனைச் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். ஆனால் வினைமுற்றில் இரண்டுக்கும் அதே "ஓம்". "தோத்துட்டோம்" என்றால் யாரைச் சேர்த்து, யாரை விட்டு என்று சொல்லைப் பிளந்து பார்த்தாலும் தெரியாது. உங்கள் மனைவி சிரித்ததும் அதனால்தான். தன்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டீர்களோ என்று பயந்திருப்பார்.

எனக்குக் கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போனார். வெளியூர் ஆட்டம். ஒரு பக்கம் மட்டும் தகரக் கூரை, மற்ற மூன்று பக்கமும் சாய்ந்து நிற்க இரும்புக் குழாய். பந்து வேலி தாண்டிக் காய்கறித் தோட்டத்தில் விழுந்தால் ஒரு பையன் ஓடிப்போய் எடுத்துவருவான், அதுவரை எல்லோரும் மழையைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். பெரிய மைதானங்களைப்போல இரண்டு கூட்டத்தையும் பிரித்து வைக்கும் கம்பி இல்லை, போலீஸ் இல்லை. ஹாஃப் டைமில் அணிகள் பக்கம் மாறுகின்றன அல்லவா, பார்க்க வந்தவர்களும் மாறுவார்கள். தன் அணி எந்த கோலைத் தாக்குகிறதோ அதற்குப் பின்னால் போய் நிற்கவேண்டும். இந்தப் பக்கத்துக் கூட்டம் அந்தப் பக்கம், அந்தப் பக்கத்துக் கூட்டம் இந்தப் பக்கம். நடுவழியில் டீக்கடை. அங்கே இரண்டும் ஒரே வரிசை.

அந்த வரிசையில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம், "ரொம்ப தூரத்திலிருந்தா?" என்றார். "இந்தியா" என்று சொல்ல வாயெடுத்தேன். லண்டனில் யார் அப்படிக் கேட்டாலும் அதைச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். தபால்காரர் முந்திக்கொண்டு, "டூட்டிங். மூணு ரயில்" என்றார். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குளமாகக் கிடந்த மைதானத்தைக் கையால் காட்டி, "இதைப் பார்க்கவா?" என்றார்.

டூட்டிங்கில் இருந்த நாளெல்லாம் என்னை ஒருவரும் டூட்டிங்காரன் என்று சொன்னதில்லை. கே., அதற்கு இன்னொரு ஊரில் போய் நனைய வேண்டியிருந்தது.

பிறகு அந்தப் பெரியவரும் தபால்காரரும் சேர்ந்து ரெஃப்ரியைத் திட்டினார்கள். அது நாம். இரண்டாம் பாதிக்கு ஆளுக்கொரு கோலுக்குப் பின்னால் பிரிந்ததும் மறுபடி நாங்கள். எழுபதாவது நிமிடம் போல ஒலிபெருக்கியில் அன்றைய வருகை 83 என்று அறிவித்தார்கள். தபால்காரர் என் விலாவில் இடித்து, "நீ வராட்டி 82" என்றார்.

திரும்பும் ரயிலில்தான் அவர் 1959 ஜனவரிக் கதையைச் சொன்னார். எஃப்.ஏ. கோப்பை, அதாவது பெரிய அணியும் சின்ன அணியும் மோதும், தோற்றால் வெளியேறும் போட்டி. அதில் மூன்றாம் சுற்று. டூட்டிங்குக்கு எதிரே அப்போதைய உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் ஆடிய நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். டூட்டிங்கின் சொந்த சாண்டி லேன் மைதானம் உறைந்து கல்லாகக் கிடந்தது. இடைவேளைக்கு டூட்டிங் 2-0 முன்னிலை. பிறகு ஒன்று தன் கோலிலேயே விழுந்தது, இன்னொன்று பெனால்டி. 2-2. மறு ஆட்டம் நாட்டிங்ஹாமில், அங்கே 3-0 தோல்வி. அந்த வருடக் கோப்பையையே ஃபாரஸ்ட்தான் எடுத்தது. "எங்ககிட்டதான் திணறினாங்க" என்றார். அப்போது அவர் ஸ்கூல் பையன், வேலி ஓரத்தில் நின்றவன். நீ எப்போது ஆடினாய் என்று அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்து விம்பிள்டனில் இதே "வீ"க்குப் பெரிய சண்டையே நடந்தது. 1988-ல் லிவர்பூலை 1-0 வென்று எஃப்.ஏ. கோப்பை வாங்கிய அணி. அதை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள் முதலாளிகள். 2002 மே 28 அன்று கால்பந்துச் சங்கம் அமைத்த மூன்று பேர் கமிஷன் சரி என்றது. போகிறோம் என்றவர்களின் "ஓம்" முழுக்க நாங்கள்தான். ரசிகர்கள் சில வாரத்தில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புது அணி தொடங்கி, பொதுத்திடலில் ஆள் தேர்வு வைத்து, லீக் ஏணியின் ஒன்பதாம் அடுக்கில் போய் நின்றார்கள். அந்த ஆகஸ்ட் 17-ல் முதல் லீக் ஆட்டம், அதுவும் வெளியூரில், சாண்ட்ஹர்ஸ்ட் டவுன் மைதானத்தில். அந்தச் சின்ன மைதானத்தில் 2,449 பேர். 2-1 வெற்றி. அதில் நானும் ஒருவன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், போகவில்லை. பின்னால் 78 லீக் ஆட்டம் தோற்காமல் ஆடினார்கள். 2011-ல் அந்த 92-க்குள் வந்துவிட்டார்கள். 2020-ல் தங்கள் பழைய பிளவ் லேனுக்கே, புது மைதானத்தோடு திரும்பினார்கள். சட்டை, முதலாளி, மைதானம் எல்லாம் போன பிறகும் மிச்சம் இருந்தது அந்த விகுதி ஒன்றுதான். அதைச் சொல்லவா கூச்சம்?

கதை எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதுங்களேன், யார் தடுத்தது? ஒட்டுமா ஒட்டாதா என்பது எழுதிய பிறகு பார்க்கவேண்டியது. ஆஃப்சைடை மட்டும் விளக்க உட்காராதீர்கள்.

அடுத்த வெளியூர் ஆட்டத்துக்கு வீட்டம்மாவையும் கூட்டிப்போங்கள். எண்ணிக்கையில் ஒன்று கூடும். குடை தாராளமாகக் கொண்டுபோகலாம். பின்னால் நிற்பவருக்கு மறைக்குமே என்று கவலைப்பட அங்கே பின்னால் யாரும் நிற்கப்போவதில்லை.