கல்லூரிக்கே போகாமல் எம்.எஸ்.டபிள்யூ. பட்டமா?

கேள்வி: என் மகள் பி.காம். முடித்திருக்கிறாள். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிக்க ஆசைப்படுகிறாள். வண்ணார்பேட்டையில் ஒரு ஏஜென்ட், "கல்லூரிக்கே வர வேண்டாம், ஒரே வருஷத்தில் பட்டம், களப்பணிச் சான்றிதழும் நாங்களே வாங்கித் தருவோம்" என்கிறார். சேர்க்கலாமா?
– ஒரு தாய், அம்பாசமுத்திரம்

வேண்டாம் அம்மா. பி.காம். ஒரு தடையே இல்லை, எந்தப் பட்டம் முடித்தவரும் எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம். ஆனால் அது இரண்டு வருஷப் படிப்பு. ஒரே வருஷத்தில் தருகிறேன் என்பவர் வெறும் காகிதத்தை விற்கிறார். தொலைநிலைக் கல்வியில் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) நடத்தும் எம்.எஸ்.டபிள்யூ.விலும் களப்பணி கட்டாயம்.

இந்தப் படிப்பின் உயிரே களப்பணிதான். பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்துக்கு இரண்டு நாள் மருத்துவமனை, பள்ளி, குழந்தைகள் இல்லம் என்று அனுப்புவார்கள். அன்றன்று பார்த்ததை எழுதி, ஆசிரியரிடம் காட்டித் திருத்தம் வாங்க வேண்டும். நேர்காணலில் நான் கேட்கும் கேள்வி ஒன்று: "மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் அம்மா ஒருவர் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். எப்போது போய்ப் பேசுவாய்?" களத்துக்குப் போன பிள்ளை, "சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு வந்த பிறகு" என்று சட்டென்று சொல்லும். சான்றிதழை விலைக்கு வாங்கிய பிள்ளை, "விழிப்புணர்வு ஏற்படுத்துவேன்" என்கிறது. என்ன பாவம், அதன் தப்பா அது?

இந்த ஏஜென்ட்கள் தைரியமாக அலைவதற்குக் காரணம் உண்டு. வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது, நர்ஸுக்குக் கவுன்சில் இருக்கிறது. சமூகப் பணிக்கு 1936-லேயே பம்பாயில் கல்லூரி தொடங்கியாயிற்று; இன்றுவரை துறை முழுமைக்கும் தகுதியைச் சரிபார்த்துப் பதிவு செய்யும் ஒரு கவுன்சில் இல்லை. இன்னும் எத்தனை காலம் இப்படியே விட்டு வைப்பார்கள்?

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். மகளுக்கு மனநலப் பிரிவில் ஆர்வம் இருந்தால், எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அதற்கு மேல் மனநல சமூகப் பணியில் இரண்டு வருஷ முழுநேர எம்ஃபில் முடித்தவர்தான் மனநல சமூகப் பணியாளர். மருத்துவ, மனநலப் பிரிவை விருப்பப் பாடமாக எடுத்தாலும் அந்தத் தகுதி வந்துவிடாது. பல கல்லூரிகள் இதைச் சொல்வதே இல்லை. இதற்கிடையில் 2022-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) எம்ஃபில்லையே நிறுத்தியது, அப்புறம் இதற்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் கால நீட்டிப்பு கொடுத்தது. சட்டம் கேட்கிற படிப்பையே நிறுத்தினால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? எனவே எம்.எஸ்.டபிள்யூ. முடிக்கும் வருஷத்தில் என்ன விதி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

சரி, கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது? மகளோடு நேரில் போங்கள். போன வருஷ மாணவர்களின் களப்பணி நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியரின் திருத்தம் பக்கத்துக்குப் பக்கம் இருந்தால் நம்பலாம். எல்லா நோட்டிலும் ஒரே வாசகம், கடைசியில் மொத்தமாக ஒரு கையெழுத்து என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏஜென்டிடம் அசல் மதிப்பெண் பட்டியலையோ டி.சி.யையோ கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள். கல்லூரிகளே அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-ல் அறிவித்திருக்கிறது. இடைத்தரகருக்கு என்ன உரிமை? தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.