ஷாத்தோநெஃப்-து-பாப் சிவப்பு ஒயின்: கேள்வி பதில்

அண்ணா, ஒயின் பெயரில் போப் எப்படி வந்தார்?

14ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் ரோமை விட்டுத் தென் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் இருந்தார்கள். அவர்களில் 22ஆம் யோவான் பக்கத்துக் குன்றின் மேல் ஒரு கோட்டை கட்டினார். ‘போப்பின் புதுக்கோட்டை’ என்பதுதான் ஊருக்கும் ஒயினுக்கும் பெயர். 1944இல் ஜெர்மன் படை வெடி வைத்தது போக, இன்று மிச்சமிருப்பது சில சுவர்கள்தான்.

13 வகைத் திராட்சை கலக்கிறார்களாமே?

13 வகைக்கு அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. பெரும்பாலான தோட்டங்களில் கிரெனாஷ்தான் ராஜா. சிராவும் மூர்வெத்ரும் துணைக்கு வரும். ஷாத்தோ ரயாஸ் தோட்டத்துச் சிவப்பு முழுக்க கிரெனாஷ். போகஸ்தெல் தோட்டம் 13 வகையையும் வளர்க்கிறது.

அந்த ஊர்த் தோட்டங்களில் கிடக்கும் உருண்டைக் கல்தானே ருசிக்குக் காரணம்? பகல் வெயிலை வாங்கி வைத்து ராத்திரி கொடிக்குக் கொடுக்கும் என்று படித்தேன்.

இதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. ரோன் நதி உருட்டி வந்த குவார்ட்ஸைட் கற்கள் அவை. சில தோட்டங்களில் மண்ணே கண்ணில் படாது, முழுக்கக் கல். வெப்பத்தைப் பிடித்து வைப்பதும் உண்மைதான். ஆனால் அந்த வெயிலில் கிரெனாஷுக்கு இன்னும் சூடு எதற்கு? கல்லுக்கு அடியில் இருக்கும் செங்களிமண்ணைப் பாருங்கள். கோடையில் கொடியைக் காப்பது அது பிடித்து வைக்கும் ஈரம். கல் அந்த ஈரத்துக்கு மூடி.

ரயாஸில் கல்லே இல்லை. மணல், சுற்றிலும் மரங்கள், நிறைய இடம் வடக்குப் பார்த்த சரிவு. அந்த ஒயினை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் தெரியும், அவ்வளவு வெளிர் சிவப்பு. மணமோ ஸ்ட்ராபெரி, காய்ந்த மூலிகை என்று விரிந்துகொண்டே போகும். இந்த ஊரில் மணல், சுண்ணாம்புக்கல், செம்மணற்கல் எல்லாம் உண்டு. கல்லை மட்டும் படம் பிடித்துப் போடுவது மற்ற மண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

சார், அந்த ஊரின் லா க்ரோ மேடு முழுக்கக் கல்தானே? வியூ தெலெக்ராஃப் ஒயினின் திராட்சை அங்கேதானே விளைகிறது?

நல்ல கேள்வி. அங்கே ஒயின் கட்டுறுதியாக, துவர்ப்போடு, நீண்ட ஆயுளோடு வரும். அதில் பாதிப் பெருமையைக் களிமண்ணுக்குக் கொடுப்பேன். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: மூர்வெத்ர் தாமதமாகப் பழுக்கும் ரகம், அதற்குக் கல்லின் சூடு உதவும். கிரெனாஷ் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கல் இல்லாத தோட்டத்து ஒயின் மட்டம் என்று கடைக்காரர் சொன்னார்.

கடையை மாற்றுங்கள்.

13 வகையும் இருந்தால்தான் அசலா?

மேலே சொல்லிவிட்டேன். இல்லை.

ஆல்கஹால் 15 சதவீதம் போட்டிருக்கிறதே, ஏன்?

கிரெனாஷ் நன்றாகப் பழுக்க வேண்டுமென்றால் சர்க்கரை ஏறியே தீரும். விளைச்சலுக்கும் வரம்பு உண்டு, ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர், அதாவது 3,500 லிட்டர். மிஸ்ட்ரால் என்ற வடகாற்று கொடியை உலர வைத்துப் பூஞ்சையை விரட்டும், பழத்தின் சாற்றையும் சுண்ட வைக்கும். கோடையும் முன்பைவிடக் கடுமை. இதனால்தான் சொல்கிறேன்: 17 டிகிரிக்கு மேல் ஊற்றாதீர்கள். சூடானால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், மூலிகை வாசம் அமுங்கிவிடும்.

ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின், எது நல்லது?

இந்தப் பெயரில் ரோஸே கிடையாது. ஆற்றுக்கு அக்கரையில் ரோஸேக்குப் பேர்போன தவேல் ஊர் இருக்கிறது, அங்கே தேடுங்கள்.

அந்த ஊரில் பறக்கும் தட்டு இறங்கத் தடையாமே?

உண்மை. 1954இல் மேயர் போட்ட உத்தரவு.

பெட்டி வாங்கி வைத்தால் விலை ஏறுமா?

என் துறை இல்லை. முதலீடு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

13 வகையின் பெயரையும்...

பட்டியல் எங்கும் கிடைக்கும். கிரெனாஷிலிருந்து தொடங்குங்கள், போதும்.

சிவப்பு ஒயினை ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டுவிடும் என்கிறார் மாமனார்.

கெடாது. வீடு 28 டிகிரி என்றால் ஊற்றுவதற்கு முன் ஒன்றரை, இரண்டு மணி நேரம் உள்ளே வையுங்கள். மாமனாருக்கு ஒரு கோப்பை அப்படியே, ஒரு கோப்பை குளிர்ந்ததிலிருந்து கொடுங்கள். பக்கத்தில் ஆட்டுக்கறி இருக்கட்டும்.