நூறு பவுண்டுக்கு ஒரு பிஸ்டல்: நுகர்வோர் கேள்வி-பதில்

ஏர்சாஃப்ட் என்ற பெயரை இந்தப் பத்தியில் ஒருமுறை போகிறபோக்கில் குறிப்பிட்டதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், பிரிட்டனில் வாழும் தமிழ் வீடுகளில் பாதிக்கு ஒரு பொம்மைத் துப்பாக்கி இருக்கும்போல் தெரிகிறது. அறியாதவர்களுக்கு: சுமார் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி இது. மைதானத்தில் ஒருவரையொருவர் சுட்டு ஆடுவார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை.

கே: முதல் பிஸ்டல் வாங்குகிறேன். கையில் 120 பவுண்டு. 1911 வடிவமா (பழைய ராணுவப் பிஸ்டலின் நகல்), ஹை-காப்பாவா (அதன் பருமனான வகை)? முழு உலோகத்தில் வாங்கு, அதுதான் தரம் என்கிறார் நண்பர். (ஹாரோ வாசகர்)

ஹை-காப்பா. நண்பருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அவர் பேச்சை மட்டும் கேட்காதீர்கள்.

இவ்வகைப் பிஸ்டலில் கேஸ் இரண்டு வேலை செய்கிறது: குண்டைத் தள்ளுகிறது, ஸ்லைடையும் (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதி) பின்னுக்குத் தள்ளுகிறது. நாம் ‘கிரீன் கேஸ்’ என்று வாங்குவது பெரும்பாலும் புரொப்பேன்தான். கூடவே கொஞ்சம் சிலிக்கான் எண்ணெய். 20 டிகிரி வெப்பத்தில் புரொப்பேனின் அழுத்தம் சுமார் 8 பார். 0 டிகிரியில் 5 பாருக்கும் கீழே இறங்கிவிடும். போதாததற்கு, ஒவ்வொரு முறை சுடும்போதும் திரவம் ஆவியாகி, குண்டும் கேஸும் அடைக்கும் கூடான மேகசினின் சூட்டைத் தின்றுவிடுகிறது. கனமான உலோக ஸ்லைடை அந்த மிச்ச அழுத்தம் எப்படி நகர்த்தும்? ஜப்பானிய நிறுவனமான டோக்கியோ மருய் தன் ஹை-காப்பா 5.1-க்குப் பிளாஸ்டிக் ஸ்லைடு போடுவதை மலிவு வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பானில் உலோகக் கைத்துப்பாக்கி மாதிரிகளுக்குக் கட்டுப்பாடு கடுமை. அங்கே பயன்படுத்தும் கேஸும் அழுத்தம் குறைந்தது. அதற்கேற்ப லேசாகச் செய்தார்கள். அந்த லேசுதான் நம் ஊர்க் குளிரில் கைகொடுக்கிறது.

1911-இன் மேகசின் ஒல்லி. கேஸுக்கு இடம் குறைவு, சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஹை-காப்பாவின் மேகசின் பருமன். உதிரிப் பாகங்களும் இதற்குக் கிடைப்பதுபோல் வேறெதற்கும் கிடைப்பதில்லை. மருய் உங்கள் வரம்பைக் கொஞ்சம் தாண்டலாம். தைவானின் டபிள்யூ.ஈ. நிறுவனம் அதே வடிவத்தைக் குறைந்த விலைக்குத் தருகிறது, ஆனால் ஸ்லைடு உலோகம். உள்ளரங்கிலும் கோடையிலும் மட்டும் ஆடுபவர் என்றால் அது போதும். எதை வாங்கினாலும், உதிரி மேகசின் என்ன விலை என்று முதலில் பாருங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு ஆட முடியாது.

என்னிடம் முழு உலோக 1911 ஒன்று இருக்கிறது. கையில் எடுத்தால் அந்தக் கனமே ஒரு சுகம். நவம்பர் மாதக் காட்டில், முதல் மேகசின் தீர்வதற்குள் ஸ்லைடு பாதி வழியில் நின்றுவிடும். இப்போது மேசையில் காகிதம் பறக்காமல் காவல் காக்கிறது.

கே: கார்பன் டை ஆக்சைடு மேகசினை, கிரீன் கேஸுக்கென்று செய்த பிஸ்டலில் போடலாமா? அளவு சரியாக இருக்கிறது.

போடாதீர்கள். அந்த மேகசினில் செருகும் கார்பன் டை ஆக்சைடு குப்பிக்குள் 20 டிகிரியில் சுமார் 57 பார் அழுத்தம் இருக்கிறது. தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் ஒழிய, ஸ்லைடு உடைந்து உங்கள் முகத்தை நோக்கித்தான் வரும்.

கே: என் மகனுக்கு 15 வயது. நான் ஆடுவதில்லை. என் பெயரில் வாங்கிக் கொடுக்கலாமா? (குரொய்டன் தந்தை)

18 வயதுக்குக் குறைந்தவர் வாங்குவதும் அவருக்கு விற்பதும் குற்றம். பெற்றோர் வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் அசல்போல் கறுப்பாக இருப்பதை உங்களுக்கு எந்தக் கடையும் விற்காது. 2006-ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டப்படி, அசல் தோற்றமுள்ளதை விற்கக் கடைக்காரரிடம் தகுந்த காரணம் இருக்க வேண்டும். வாங்குபவர் காப்பீடுள்ள மைதானத்தில் முறையாக ஆடுபவர் என்பது அப்படியொரு காரணம். ஏர்சாஃப்ட் விற்பனையாளர் சங்கமான யூகாராவின் ஆட்டக்காரர் பதிவைக் கடைகள் கேட்பது அதனால்தான். அந்தப் பதிவு கிடைக்கக் குறைந்தது 56 நாட்களில் மூன்று ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். நீங்கள் ஆடாதவர் என்பதால், பெரும்பகுதி நீலம், சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறத்தில் இருப்பதை வாங்குங்கள். பையன் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும். முழு முகக் கவசம் இல்லாமல் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். அது பிஸ்டலுக்கு முன்பே வாங்க வேண்டிய பொருள்.

கே: நீல நிறப் பிஸ்டல் வாங்கிக் கறுப்புச் சாயம் அடித்துவிட்டேன். இப்போது அசத்தலாக இருக்கிறது. இடுப்பில் உறை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் மைதானத்துக்குப் போனால் தப்பா?

தம்பி, ஒரே கடிதத்தில் இரண்டு குற்றங்கள். ஆட்டக்காரர் என்ற தகுதி இல்லாமல் அதை அசல்போல் மாற்றியதே அதே 2006 சட்டத்தில் குற்றம். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் அதை வைத்திருப்பது 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் வரும். நீங்கள் பஸ்ஸில் போவீர்கள். திரும்புவது ஆயுதப் போலீசாரின் வண்டியில். மூடிய பையில் வையுங்கள், நேராகப் போய் நேராக வாருங்கள். சாயத்தைச் சுரண்டிவிடுங்கள்.

கே: தங்க நிற விசை (டிரிகர்), எஃகு வெளிக் குழல், முனையில் கம்பென்சேட்டர் என்ற துணை உறுப்பு, 6.01 மி.மீ. உட்குழல் என்று 130 பவுண்டு செலவழித்து மேம்படுத்திவிட்டேன். குண்டு இன்னும் வலப்பக்கம்தான் வளைகிறது. அடுத்து என்ன வாங்கலாம்?

ஒன்றும் வாங்காதீர்கள். முதலில் கழற்றுங்கள்.

ஸ்லைடை எடுத்து உட்குழலை உருவுங்கள். அதன் பின்முனையில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ரப்பர் உறை இருக்கும். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தால் மேல்பக்கம் சின்னஞ்சிறு மேடு தெரியும். குண்டு போகும்போது அதன் தலையில் உரசுவது இந்த மேடுதான். உரசலில் குண்டு பின்னோக்கிச் சுழல்கிறது, அந்தச் சுழற்சி அதைக் காற்றில் தூக்கிப் பிடிக்கிறது. ஹாப்-அப் என்பது இவ்வளவுதான். மேடு ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால் குண்டும் அந்தப் பக்கம் சாயும். உங்கள் பிஸ்டலில் அப்படித்தான் ஆகியிருக்கும். உட்குழலை மாற்றியபோது ரப்பரைத் திருகலாகப் பூட்டியிருப்பீர்கள். இன்னொன்று, குழலுக்குள் சிலிக்கான் எண்ணெயைப் பீய்ச்சும் வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். எண்ணெய் ஊறிய ரப்பர் உரசாது, வழுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றிக் குழலைத் துடையுங்கள்.

அதற்குப் பிறகும் திருப்தி இல்லையா? 0.20 கிராம் குண்டை விட்டு 0.28-க்கு மாறுங்கள். அடுத்தது, மேப்பிள் லீஃப் நிறுவனத்துடையது போன்ற ஒரு நல்ல ரப்பர். பத்துப் பவுண்டைச் சுற்றி வரும். உட்குழல் கடைசி. அதுவும் 6.03 போதும். குண்டின் விட்டம் 5.95; மலிவான குண்டில் சின்னப் பிசிறு இருந்தாலும் 6.01 குழலில் சிக்கிக்கொள்ளும். தங்க நிற விசையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

கே: சந்தையில் 18 பவுண்டுக்கு ஸ்பிரிங் பிஸ்டல் வாங்கினேன். பெட்டியில் ‘வினாடிக்கு 300 அடி’ என்று போட்டிருந்தது. மைதானத்தில் அளந்தால் 230! ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றினார்கள், ஆனால் பொய் சொல்லாமல். இது எனக்கு நெடுநாள் எரிச்சல். பெட்டியில் வேகத்தைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். எந்த எடைக் குண்டோடு அளந்தது என்பதைப் போடமாட்டார்கள், அல்லது பொடி எழுத்தில் அடிப்பக்கம் போடுவார்கள். இத்தகைய பெட்டிகளில் கூடவே வருவது 0.12 கிராம் குண்டு. மைதானத்தில் அளப்பதோ 0.20 கிராமில். ஸ்பிரிங் தருவது ஏறக்குறைய ஒரே ஆற்றல். குண்டு கனத்தால் வேகம் குறையும். கணக்குப் போடுங்கள்: 0.12 கிராம் குண்டு 300 அடி வேகத்தில் போனால் ஆற்றல் அரை ஜூல். அதே அரை ஜூலை 0.20 கிராம் குண்டுக்குக் கொடுத்தால் 232 அடி. உங்கள் பிஸ்டல் பெட்டியில் சொன்னதைத்தான் செய்திருக்கிறது!

சட்டம் ஆற்றலைத்தான் பார்க்கிறது. தொடர்ந்து சுடும் வகைக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடும் வகைக்கு 2.5 ஜூல் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது. மைதானங்களில் பரவலாக உள்ள 350 அடி வரம்பும் 0.20 கிராமில்தான், அதாவது 1.14 ஜூல். எல்லோருக்கும் ஜூல் தெரியும்போது பெட்டிக்கு மட்டும் அது தெரியாமல் போனது எப்படி? குண்டின் எடையைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் எந்தப் பெட்டியில் போட்டிருந்தாலும் அதைத் திரும்ப அலமாரியிலேயே வையுங்கள். விற்பவர் விளக்கம் சொல்ல வந்தால், “எத்தனை ஜூல்?” என்று மட்டும் கேளுங்கள்.

கே: பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில், கடன் அட்டையில் 118 பவுண்டுக்கு ஒரு புதுப் பிஸ்டல் வாங்கினேன். மூன்றாம் வாரமே மேகசின் கசிகிறது. “கிரீன் கேஸ் போட்டீர்கள், உத்தரவாதம் போயிற்று, தைவானில் உள்ள தயாரிப்பாளருக்கு எழுதுங்கள்” என்கிறது கடை. பெட்டியிலேயே கிரீன் கேஸ் என்றுதான் இருக்கிறது. (லெஸ்டர் மாணவி)

உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், ஏனென்றால் இதில் கெடு இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். பொறுப்பு விற்றவருடையது. தைவானோடு உங்களுக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை, கடையோடுதான் இருக்கிறது. உத்தரவாத அட்டை என்பது சட்டம் தருவதற்கு மேலே அவர்களாகத் தருவது. அது போனாலும் சட்டம் போகாது.

குறையை நிரூபிப்பது எளிது. மேகசினில் கேஸ் நிரப்பித் தண்ணீர்க் கிண்ணத்தில் அமிழ்த்துங்கள். எந்த வளையத்தின் வழியே குமிழி வருகிறதோ அதைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள், பெட்டியின் வாசகத்தையும் சேர்த்து. ‘பொருளை நிராகரிக்கிறேன், முழுத் தொகையையும் திருப்பித் தருக’ என்று மின்னஞ்சலில் எழுதுங்கள், தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். கடை மசியாவிட்டால் அட்டை கொடுத்த வங்கிக்கு எழுதுங்கள். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் என்பதால், 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்கீழ் வங்கியும் கடையோடு சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். படித்துக்கொண்டே உழைத்துச் சம்பாதித்த காசு அம்மா, ஒரு பென்னியும் விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்து என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

கே: ‘மேம்படுத்தப்பட்டது’ என்று முகநூல் குழுவில் பார்த்து, பேபாலில் ‘நண்பர்களுக்கு’ முறையில் 90 பவுண்டு அனுப்பினேன். கீறல் விட்ட ஸ்லைடு வந்தது. விற்றவர் என்னை முகநூலில் பிளாக் செய்துவிட்டார்.

முன்பின் தெரியாதவர் எப்போது உங்கள் நண்பரானார்? அந்த முறையில் அனுப்பிய பணத்துக்கு பேபாலின் வாங்குபவர் பாதுகாப்புக் கிடையாது. நான்கு காசு கட்டணம் மிச்சமாகும் என்று விற்பவர் சொன்னதை நம்பியிருப்பீர்கள். தனிநபர் விற்பனையிலும் பொருள் விவரித்தபடி இருக்கத்தான் வேண்டும். விளம்பரத்தின் படம் கையில் இருந்து, அவர் முகவரியும் தெரிந்திருந்தால் சிறு உரிமை நீதிமன்றத்தில் இணையவழியே மனுப் போடலாம். முகவரி தெரியாவிட்டால் வழி இல்லை.

கே: சிங்கப்பூரில் மைத்துனர் வீட்டுத் திருமணம். அவர் மகனுக்குப் பரிசாக ஒன்றை எடுத்துப் போகலாமா?

கூடாது. அங்கே உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். சாக்லேட் வாங்குங்கள்.

கே: “நூறு பவுண்டோடு முடிந்துவிடும்” என்கிறார் என் கணவர். உண்மையா? (ஈஸ்ட் ஹாம் வாசகி)

பிஸ்டல் நூறு. இரண்டு உதிரி மேகசின், கேஸ், குண்டு, கண்ணாடி, உறை, ஒவ்வொரு ஞாயிறும் மைதானக் கட்டணம் எல்லாம் தனி. அவரிடம் ரசீதுகளைக் கேளுங்கள். பிஸ்டலுக்கு மட்டும் ரசீதைக் காட்டினால், மற்றவை காரின் பின்பெட்டியில் இருக்கும்.