லண்டன் கவுன்சில் தேர்தல்: நீங்கள் கேட்டவை

லண்டனின் 32 பரோக்களிலும் (உள்ளூராட்சிப் பகுதிகளிலும்) நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, மே மாத முதல் வியாழனில், கவுன்சில் தேர்தல் நடக்கிறது: 2018 மே 3, 2022 மே 5, 2026 மே 7. இடையில் யாராவது பதவி விலகினாலோ இறந்தாலோ அந்த வார்டுக்கு மட்டும் இடைத்தேர்தல் வரும். 2022இல் மொத்தம் 1,817 கவுன்சிலர்களைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. வாக்களித்தவர்களோ பத்துக்கு நாலு பேர்கூட இல்லை. நம்மவர்களில் பலர் தங்களுக்கு வாக்குரிமை இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் என்பதால் முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

நான் இலங்கைக் கடவுச்சீட்டில், வேலை விசாவில் இருக்கிறேன். அண்ணா பிரெஞ்சு சிட்டிசன், 2022இல்தான் குடும்பத்தோடு இங்கே வந்தார். எங்களுக்கு வாக்கு உண்டா? (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

உங்களுக்கு உண்டு, உங்கள் அண்ணாவுக்கு இல்லை. கேட்க விசித்திரமாக இருந்தாலும் சட்டம் அப்படித்தான்.

இலங்கையும் இந்தியாவும் மலேசியாவும் சிங்கப்பூரும் பொதுநலவாய நாடுகள். அந்த நாட்டுக் குடிமக்கள் 18 வயது நிரம்பி, செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசித்தால், கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை, நிரந்தர வதிவிடமும் தேவையில்லை. மாணவர் விசா போதும். அகதி அந்தஸ்து கிடைத்த இலங்கையருக்கும் இது பொருந்தும். விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள், கையில் விசா எதுவும் இல்லையென்றால், பதிய முடியாது.

ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்குத்தான் சிக்கல். 2024 மே மாதத் தேர்தல்களுக்குப் பின் விதி மாறிவிட்டது. டென்மார்க், லக்சம்பர்க், போலந்து, போர்த்துக்கல், ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளின் குடிமக்களுக்குத் தனி ஒப்பந்தம் இருக்கிறது. பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்துக் குடியுரிமை உள்ளவர்கள் 2020 முடிவதற்கு முன்பிருந்தே இங்கே சட்டப்படி வசித்து வந்தால்தான் வாக்களிக்கலாம். நோர்வேயும் சுவிஸும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் அந்தக் கடவுச்சீட்டுக்கு இங்கிலாந்தில் வாக்கே கிடையாது. அயர்லாந்து, சைப்ரஸ், மோல்டா குடிமக்களுக்குப் பிரச்சினை இல்லை.

ஆக, ஒரே வீட்டில் பிறந்த மூன்று சகோதரர்களில் கொழும்பிலிருந்து நேரே வந்தவருக்கு வாக்கு இருக்கும், பாரிஸ் வழியாக வந்தவருக்கு அவர் வந்த ஆண்டைப் பொறுத்து, ஒஸ்லோ வழியாக வந்தவருக்கு இல்லவே இல்லை. இது நியாயமில்லை என்பதே என் கருத்து. மூவரும் ஒரே கவுன்சில் டாக்ஸ்தான் கட்டுகிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். அரசாங்க இணையத்தளத்தில், நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்தே நிமிடத்தில் பதிந்துவிடலாம். தேர்தலுக்கு 12 வேலைநாள் முன்னதாகப் பதிவு மூடப்படும், அதுவரை காத்திருக்காதீர்கள். பதிந்தால் விசாவுக்குப் பாதகம் வருமோ என்று பயப்பட வேண்டியதில்லை. கடன் வழங்குபவர்கள் முகவரியைச் சரிபார்ப்பதும் இந்த வாக்காளர் இடாப்பை வைத்துத்தான் என்பதால் அதிலும் உங்களுக்கு நன்மையே.

எங்கள் வார்டுச் சீட்டில் மூன்று பேருக்குப் போடலாம் என்று இருக்கிறது. எனக்கு ஒருவரை மட்டும்தான் பிடிக்கும். 1, 2, 3 என்று இலக்கம் போடலாமா? (ஹரோ வாசகி)

இலக்கம் வேண்டாம். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் விருப்பு வரிசை போட்டுப் பழகிய கை இங்கேயும் அதையே செய்யப் பார்க்கும். இங்கே வேண்டியது புள்ளடி (X) மட்டும். எல்லாப் புள்ளடிக்கும் ஒரே பெறுமதி, முதல் இரண்டாம் என்ற பேச்சே இல்லை.

லண்டன் வார்டுகளுக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று கவுன்சிலர்கள் இருப்பார்கள். எத்தனை இடமோ அத்தனை புள்ளடி வரை போடலாம். குறைத்துப் போட்டால் சீட்டு செல்லும், ஒன்று கூடினாலும் முழுச்சீட்டும் போய்விடும். ஒருவருக்கு மட்டும் போடுவதில் ஒரு தவறும் இல்லை. சில சமயம் அதுதான் புத்திசாலித்தனமும்கூட. மூன்று இடத்துக்கு எல்லோரும் ஒரே பட்டியலில் போட்டியிடுகிறார்கள். நீங்கள் ‘சும்மா கிடக்கிறதே’ என்று போடும் இரண்டாவது, மூன்றாவது புள்ளடி உங்களுக்குப் பிடித்தவரையே பின்னுக்குத் தள்ளக்கூடும்.

எண்ணும் இடத்தைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். ஒரே கட்சியின் மூவருக்கும் போட்ட சீட்டுகளைத் தனியாகப் பிரித்துக் கட்டுக்கட்டாக அடுக்கிவிடுவார்கள், அது சட்டென்று முடியும். கட்சி மாற்றிப் போட்ட சீட்டுகளுக்குத்தான் நேரம் போகும். புள்ளடிகள் மட்டும் வெளியே தெரியும்படி ஒன்றின்மேல் ஒன்றாகச் சரித்து ஒரு நீளத்தாளில் ஒட்டி, ஒவ்வொரு பெயருக்கும் வரிசையாகக் கூட்டுவார்கள். கட்சி முகவர்கள் மேசைக்கு எதிரே நின்று கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இழுபறி வார்டுகளில் முடிவு இந்தத் தாள்களில்தான் இருக்கும்.

இன்னொன்று. சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்து வரிசையில் வரும். மேலே இருப்பவருக்கு, அதே கட்சியில் கீழே இருப்பவரைவிடக் கொஞ்சம் கூடுதலாக விழுவது இங்கே பலகாலமாகக் கவனிக்கப்பட்ட விஷயம். நம் பெயர்களில் நிறைய எஸ், டி, வி என்று அடியில்தான் வரும். அதனால் சீட்டைக் கடைசிப் பெயர் வரை படித்துவிட்டுப் போடுங்கள்.

நியூஹாம், ஹாக்னி, லூயிஷாம், டவர் ஹாம்லெட்ஸ், குரொய்டன் ஆகிய ஐந்து பரோக்களில் பரோ மேயருக்குத் தனிச்சீட்டு தருவார்கள். 2022இல் அதில் இரண்டாம் தெரிவும் இருந்தது, அப்புறம் சட்டத்தை மாற்றி ஒரே புள்ளடி ஆக்கினார்கள்.

அம்மாவிடம் இருப்பது காலாவதியான இலங்கைக் கடவுச்சீட்டும் ஃப்ரீடம் பாஸும்தான். வாக்களிக்க விடுவார்களா? (வெம்ப்லி வாசகர்)

வாக்குச்சாவடியில் படமுள்ள அடையாள ஆவணம் காட்ட வேண்டும், ஆனால் இந்த இரண்டில் எது கொண்டுபோனாலும் விடுவார்கள். பொதுநலவாய நாட்டுக் கடவுச்சீட்டு ஏற்கப்படும், படத்தில் இருப்பவர் அவர்தான் என்று தெரிந்தால் காலாவதியானதும் சரி. முதியோருக்கான பயண அட்டைகளான ஃப்ரீடம் பாஸ், 60+ ஆய்ஸ்டர், மற்றும் சாரதி அனுமதிப்பத்திரம், ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டை) எல்லாம் ஏற்கப்படும். பிள்ளைகளின் 18+ மாணவர் ஆய்ஸ்டர் ஏற்கப்படாது, பலர் ஏமாந்து திரும்புவது இதில்தான். ஒன்றுமே இல்லாதவர்களுக்கு இலவச வாக்காளர் அடையாளச் சான்றிதழ் உண்டு, தேர்தலுக்கு ஆறு வேலைநாள் முன்பு மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கைத்தொலைபேசியில் இருக்கும் இ-விசாவைக் காட்ட முடியாது.

கோயிலில் பழக்கமான ஒருவர், ஒரு கட்சிக்கு வேலை செய்பவர், “உங்கட அப்பா அம்மாட தபால் வாக்கைத் தாங்கோ, நான் நிரப்பி அனுப்பிவிடுறன்” என்கிறார். உதவிதானே? (மிட்சம் வாசகர்)

கொடுக்காதீர்கள். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் கட்சிக்காக வேலை செய்பவர் தன் நெருங்கிய குடும்பத்தினர், தான் பராமரிப்பவர் தவிர மற்றவர்களின் தபால் வாக்கைக் கையில் எடுப்பதே இப்போது குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். உங்கள் பெற்றோரின் சீட்டில் அவர் புள்ளடி போடுவது அதைவிடப் பெரிய குற்றம்.

இந்தக் கண்டிப்பு சும்மா வரவில்லை. 2014இல் டவர் ஹாம்லெட்ஸில் லுத்ஃபர் ரஹ்மான் மேயராக வென்றதை, தபால் வாக்கு மோசடி உட்படப் பல முறைகேடுகள் நடந்தன என்று கண்டு, 2015 ஏப்ரலில் தேர்தல் நீதிமன்றம் ரத்துச் செய்தது. அவருக்கு ஐந்தாண்டுத் தடை விழுந்தது. 2022இல் மீண்டும் நின்று வென்றார் என்பது வேறு கதை. அந்த வழக்குக்குப் பிறகு தபால் வாக்கை யார் தொடலாம் என்பதில் சட்டம் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது.

அப்பாவையும் அம்மாவையும் மேசையில் உட்கார வைத்து, யார் யார் நிற்கிறார்கள் என்று தமிழில் வாசித்துக் காட்டுங்கள். புள்ளடியை அவர்களே போடட்டும், உறையை அவர்களே ஒட்டட்டும். உறையோடு வரும் தாளில் கையெழுத்தும் பிறந்த தேதியும் விண்ணப்பத்தில் கொடுத்ததோடு ஒத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தில் தமிழில் கையெழுத்து வைத்தவர் இங்கேயும் தமிழிலேயே வைக்க வேண்டும். ஊரில் உண்மையாகப் பிறந்த நாள் ஒன்று, பதிவில் இருப்பது இன்னொன்று என்று நம் பெரியவர்களில் பலருக்கு உண்டு. விண்ணப்பத்தில் எழுதியது எதுவோ அதையே எழுதச் சொல்லுங்கள். இது தவறினால், வாக்கு எண்ணாமலே ஒதுக்கப்படும்.

ஜி.பி. (குடும்ப வைத்தியர்) அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதில்லை, குப்பை எடுப்பதில்லை, கவுன்சில் டாக்ஸ் மட்டும் ஏறுகிறது. கவுன்சிலர் என்னதான் செய்வார்? (குரொய்டன் வாசகி)

ஜி.பி. தேசிய சுகாதார சேவையின் கையில். பொலிஸும் பஸ்ஸும் லண்டன் மேயரின் பக்கம். குப்பை, வீதி விளக்கு, பார்க்கிங் பெர்மிட், நூலகம், கவுன்சில் வீடு, வீட்டை நீட்டிக் கட்ட அனுமதி, முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுன்சில். இதில் முதியோர், பிள்ளைகள் பராமரிப்புக்கே பெரும் பணம் போகிறது, பலருக்கு அது கண்ணில் படுவதில்லை.

டாக்ஸ் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. சாதாரணமாக ஒரு பரோ ஆண்டுக்கு 5 சதவீதமோ அதற்கு மேலோ ஏற்ற வேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்பு வைக்க வேண்டும். குரொய்டன் கவுன்சில் 2020 நவம்பரில் கையில் காசில்லை என்று 114ஆம் பிரிவு அறிவித்தல் கொடுத்தது. 2022க்குள் அப்படி மூன்று. கடைசியில் அரசாங்கத்தின் விசேட அனுமதியோடு 2023இல் ஒரேயடியாக ஏறத்தாழ 15 சதவீதம் ஏற்றினார்கள். முன்பு இருந்தவர்கள் எடுத்த கடனுக்கும் செய்த முதலீட்டுக்கும் நீங்கள் இன்று பில் கட்டுகிறீர்கள். கதவைத் தட்டும் வேட்பாளரிடம் குப்பையைப் பற்றிக் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். கூடவே கவுன்சிலின் கடன் எவ்வளவு, எப்படிக் கட்டப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள். தெரியாது என்பவரைவிட, தெரியாமலே ஏதோ சொல்பவரிடம் கவனமாக இருங்கள்.

மகள் மான்செஸ்டரில் படிக்கிறாள். அங்கேயா இங்கேயா? (கிங்ஸ்டன் வாசகர்)

இரண்டு முகவரியிலும் பதியலாம். இரண்டும் வேறு வேறு கவுன்சில் என்பதால் கவுன்சில் தேர்தலில் இரண்டிலும் வாக்களிக்கலாம். பாராளுமன்றத் தேர்தலில் மட்டும் ஒரே ஓர் இடம்.

நானே நிற்க நினைக்கிறேன். நிறையப் பணம் வேண்டுமா? (ரெட்பிரிட்ஜ் வாசகி)

கட்டுப்பணமே இல்லை. வார்டு வாக்காளர் இருவர் முன்மொழிந்து வழிமொழிந்தால் போதும். பரோ மேயருக்கு நிற்கத்தான் 500 பவுண்டும் 30 கையெழுத்தும். நீங்கள் பொதுநலவாய நாட்டுக் குடியுரிமையில் இருந்தால், வாக்களிக்க எந்த விசாவும் போதும், ஆனால் நிற்க நிரந்தர வதிவிடம் வேண்டும். அதே கவுன்சிலில் வேலை செய்தால் நிற்க முடியாது. கவுன்சில் பள்ளிகளில் வேலை செய்பவர்களும் இதில் மாட்டுவதுண்டு, ஆகவே மனுக் கொடுக்குமுன் தேர்தல் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சுயேச்சையாக நிற்பதானால் ஜனவரியிலேயே கதவு தட்டத் தொடங்குங்கள். துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், அதைப் போட மறந்துவிடாதீர்கள்.